ஆத்தோரம் ஒரு எடம் பாக்கறது

சித்த இரு வசந்தா, பாத்துட்டு வர்றேன்னு சொல்லிட்டு மனுசன் எறங்கிப் போயாச்சு. காரை ஒரு பலா மரத்து நெழல்ல நிறுத்திட்டு, கண்ணாடியை அரைவாசி எறக்கி உட்டுட்டு, கையில செல்லை எடுத்துக்கிட்டுப் போறாரு. செல்லு எதுக்குங்கறேன். டென்ட் போடற எடத்தைப் பாக்கறதுக்கு ரெண்டு கண்ணு பத்தாதா? அதுவும் ஆத்துப் பக்கம் போகக் காணோம். ஆறு இந்தப் பக்கம், இக்கட்டால இருக்குது, சலசலன்னு சத்தம் கேக்குது, பாறை தெரியுது, பாறை மேல யாரோ ஈரத்துணி காயப் போட்டிருக்கறாங்க. இவரு அக்கட்டால, சமையக்கட்டுக்குப் பின்னால, வாழை மரத்துக்கு நடுவுல பூந்து போறாரு. ஆத்தைப் பாக்கோணும் ஆத்தைப் பாக்கோணும்னு ஒரு மாசமா உசுரை வாங்குன மனுசன், வந்து எறங்குனதும் ஆத்துக்கு முதுகைக் காட்டிட்டுப் போனா நான் என்னன்னு நெனைக்கறது? பின் சீட்டுல காலை நீட்டி உக்காந்துட்டிருக்கறேன். இதுவும் அவரு சொன்னதுதான். முன்னால ஒடுங்கி உக்காந்தா முட்டி வலிக்கும், பின்னால தாராளமா நீட்டிக்கன்னு திருப்பூர்ல ஏறறப்பவே சொல்லிட்டாரு. நல்ல மனசுதான், இல்லைங்கல. ஆனா அவினாசி, மேட்டுப்பாளையம்னு ஊரு ஊராத் தாண்டறப்ப ரோட்டுல போறவன் வர்றவன் பாத்தா என்ன நெனைப்பான்? முன்னால ஒருத்தரு வண்டி ஓட்டறாரு, பின்னால ஒரு பொம்பள உக்காந்திருக்கறா. டிரைவரும் சவாரியும். இல்லீன்னா வீட்டுக்கு வந்த ஒறம்பரையைப் பஸ் ஸ்டேண்டுல உடறதுக்குக் கூட்டிட்டுப் போறாரு. புருஷன் பொண்டாட்டின்னு ஒருத்தன் வாயில வராது. அதுக்குத்தான் பின்னால உக்கார வெச்சாரோ? சே, என்ன ரோசனை இது. ஆனா வந்துருச்சே, என்ன பண்ணட்டும்.

என்ற வேலையே ஓட்டை பாக்கறதுதான். பனியன் கம்பெனியில செக்கிங். ட்யூப் லைட்டுக்குக் கீழ மேசை, மேசை மேல குமிச்சு வெச்ச துணி, ஒவ்வொரு பீஸாத் தூக்கி வெளிச்சத்துக்குக் காட்டோணும். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, நூலு உட்டுப்போன எடம், எதுவும் தப்பாது. வசந்தாமணி கை பட்ட பீஸு திரும்பி வராதுன்னு மேனேஜரே சொல்லுவாரு. சாயங்காலம் வேலை உட்டு வந்தாலும் அந்தக் கண்ணை என்ன கழட்டியா வெக்க முடியும்? பஸ்ல முன்னால நிக்கறவன் சட்டையில தையல் பிரிஞ்சிருந்தா எனக்குக் கை பரபரங்கும். இவரைப் பாத்ததே அப்படித்தான். கம்பெனி வாசல்ல கழிச்சுப்போட்ட பனியனை அள்ளி வெச்சு விக்கறப்ப வந்து நின்னாரு. ஒண்ணை எடுத்தாரு. இதுல ஓட்டை இருக்குதுங்க, வேற எடுங்கன்னேன். தெரியுமுங்க, வீட்டுல போடறதுக்குத்தானே, யாரு பாக்கப் போறாங்கன்னு சிரிச்சாரு. தெய்வசிகாமணின்னு பேரு. ஈ.பி.ல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு, சம்சாரம் காலமாயிருச்சு, பொண்ணு கோகிலாவைக் கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்தாச்சு. எனக்கும் மொதல் ஆளு உட்டுட்டுப் போயி எத்தனையோ காலம் ஆச்சு. அப்புறம் பேசி, பழகி, சித்திரையில ஒரு சின்ன மலைக்கோயில்ல வெச்சுத் தாலி கட்டுனாரு. கூட ரெண்டே ரெண்டு பேரு. எங்கண்ணன் வரலை. இந்த வயசுல உனக்கு என்னடி கேக்குதுன்னு வாசப்படியிலயே நிக்க வெச்சுக் கேட்டான், உள்ள வான்னு ஒரு வார்த்தை சொல்லலை. சரி, அவன் கெடக்கறான். என்ற கவலை இவரு மேல. சித்திரையில இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த மனுசன் ஒருத்தரு கிட்டயாச்சும் இவ என்ற சம்சாரம்னு சொல்லி என்ற காதுல கேட்டதில்லை. பால்காரன் கேட்டான், அம்மா யாருங்கன்னு. இவரு சிரிச்சுக்கிட்டே அரை லிட்டரு சேத்தி ஊத்துப்பான்னாரு. அது பதிலா? பொண்ணு போன் பண்ணுனா மொட்டை மாடிக்குப் போயிடறாரு. கோகிலாகிட்டச் சொல்லிட்டீங்களான்னா, சொல்லியாச்சு சொல்லியாச்சுங்கறாரு. சொல்லியிருந்தா அந்தப் புள்ள ஒருநாளு எங்கூடப் பேசாதா? எனக்கு வேண்டியது அந்த ஒரு வார்த்தைதான். நாலு பேருக்கு முன்னால, நான் கேக்காம, அவரு வாயில இருந்து. அது வராதுன்னா எனக்கு என்ற ரூமு இருக்குது. ஆமா, நான் இன்னும் காலி பண்ணலை. சாவி பர்சுலதான் கெடக்குது. வீட்டுக்காரம்மா கேட்டுட்டே இருக்குது, ஊருக்குப் போயிட்டு வந்து சொல்றனுங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன். இந்த மலையை உட்டு எறங்குறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகோணும்.

அதா வர்றாரு. செல்லுல என்னமோ வெளிச்சத்தை அமுத்தி அணைச்சுப் பாக்கெட்டுல போடறாரு. "இது வேண்டாம் வசந்தா, சத்தமா இருக்குது, மேல போயிப் பாக்கலாம்"ங்கறாரு. சத்தமா? பாட்டுப் போட்டிருக்கறாங்கதான், ஊஞ்சல்ல புள்ளைங்க கத்துதுதான். ஆனா நான் வேற ஒண்ணைப் பாத்துட்டேன். அங்க நிக்கற வேனு நம்ம ஊரு நம்பரு. அதுல வந்த பொம்பளைங்க பேசறது நம்ம ஊருப் பேச்சு, ஒருத்தி கட்டியிருக்கற சீலை நம்ம ஊருக் கடையில ஆடித் தள்ளுபடிக்குப் போட்டது, போன வாரம் நானே தொட்டுப் பாத்துட்டு வந்தேன். இவருக்கும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சவிங்க கண்ணுல பட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டாரு. ஊட்டிக்குப் போலாம்னு நான் சொன்னப்பவும் இதே கதைதான், அங்க ஒரே கூட்டம், ஆத்தோரமா டென்ட் போட்டுப் படுத்தா எப்படியிருக்கும் தெரியுமா, சின்ன வயசுல இருந்து ஆசைன்னாரு. செல்லுல வீடியோவாப் போட்டுக் காட்டுனாரு. கூட்டம் இல்லாத எடம், கூட்டம் இல்லாத எடம். எனக்கு இந்தப் பேச்செல்லாம் முன்னமே கேட்ட பேச்சு. மொதல் ஆளும் இப்படித்தான், சித்த இரு வர்றேன்னு மருதமலைப் படியில என்னைய நிக்க வெச்சுட்டுப் போவான். ஓரமாப் போயி செல்லைக் காதுல வெச்சுக்கிட்டுச் சிரிப்பான். நான் அவன் செருப்புக்குக் காவலா வெய்யில்ல நிப்பேன். கம்பெனி விசயம்பான். நானும் நம்புனேன், மண்டு மாதிரி. கடைசியில பாத்தா பல்லடத்துல ஒரு வீடு, ஒரு பொண்டாட்டி, ஒரு புள்ள. ஊருல அத்தனை பேருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அவ கூடப் பொருட்காட்சிக்குப் போனான், சினிமாவுக்குப் போனான், என்னைய அந்த மலைப்படியை உட்டா வேற எங்கயும் கூட்டிட்டுப் போகலை. மறைச்சு வெச்சது அவளைன்னு நான் நெனைச்சேன், இல்லை, மறைச்சு வெச்சது என்னையத்தான். அந்தக் கதையை இவருகிட்டச் சொல்லியிருக்கறேன், முழுசாவே. தெரிஞ்சும் சித்த இருங்கறாரு பாரு.

வண்டி மேல ஏறுது. வளைவுக்கு வளைவு ஆறு ஒருக்கா வலப் பக்கம் வருது, ஒருக்கா இடப் பக்கம் போவுது. கண்ணாடி வழியா ஈரமண்ணு வாசம், எங்கயோ காப்பிக்கொட்டை வறுக்கற வாசம், நல்லாத்தான் இருக்குது. நடு வழியில அந்தப் பெட்ரோல் பங்க்கை நெனைச்சா இன்னும் கூசுது. அடக்க முடியாமப் போயி நின்னா, அங்க குத்த வெச்சு உக்கார்ற மாதிரிதான் இருந்துச்சு. முட்டி மடங்குமா எனக்கு? கதவைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு, கால் நடுங்கி, கண்ணுல தண்ணி வந்து, போனது பாதி போகாதது பாதின்னு வெளிய வந்தேன். இவரு வண்டிக்குப் பக்கத்துல நின்னு என்னையவே பாத்துட்டிருந்தாரு. நேரம் ஆவுதுன்னு பாத்தாரோ, இந்த ஒடைசலைப் போயி கட்டிக்கிட்டமேன்னு பாத்தாரோ. ஒண்ணுமே கேக்கலை. போலாமான்னு மட்டும் கேட்டாரு. இதையெல்லாம் ஆம்பளைகிட்ட வாய்விட்டுச் சொல்ல முடியுமா, சித்திரையில கட்டுனவருகிட்ட. இப்ப மறுபடியும் அடிவயிறு முட்டுது. சொல்ல மாட்டேன். ராத்திரிக்கு என்ன பண்றதுன்னு நெனைச்சா இப்பவே பயமா இருக்குது. டென்ட்ங்கறாங்க, காடுங்கறாங்க, எங்கன்னு போறது? மத்தியானத்துல இருந்து தண்ணி குடிக்காம இருக்கறேன், அதையாச்சும் பாத்தாரா? இல்லை. ரோட்டைப் பாக்கறாரு, போர்டைப் பாக்கறாரு, ரிவர்சைடு கேம்ப்னு அம்புக்குறி போட்டிருக்கறதைப் பாத்து வண்டியைத் திருப்பறாரு.

ரெண்டாவது எடம். ஐயோ, இது எடம்! எறங்கி நின்னதுமே மனசு இங்கயேன்னு சொல்லிருச்சு. பெரிய நாவ மரம் நாலஞ்சு, கீழ பட்டுப் போல புல்லு, புல்லு முடியற எடத்துல மணலு, மணலு முடியற எடத்துல தண்ணி. நான் செருப்பைக் கழட்டிட்டு, சுடிதாரைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, மெல்ல மெல்லக் காலை வெச்சேன். சுரீர்னுச்சு. அப்புறம் முட்டிக்கு அவ்வளவு எதமா இருந்துச்சு, வலியையே யாரோ உருவி எடுத்த மாதிரி. சின்னச் சின்ன மீனு வந்து பித்தவெடிப்பைக் கொத்துது. கூச்சத்துல நானாச் சிரிச்சுட்டேன். திரும்பிப் பாத்து, ஏனுங்க, இங்க வாங்கன்னு கூப்புடலாம்னு பாத்தா அவரைக் காணோம். அங்கயும் பின்னாலயே போயிட்டாரு. கூட ஒரு தாடிக்காரரு, அந்தக் கேம்ப்பைப் பாத்துக்கறவரு போல. சார் நீங்க ஈ.பி.தானுங்களே, எங்கப்பா தோட்டத்துக்கு லைன் இழுத்துக் குடுத்தீங்களேன்னு அவரு கேக்கறது எனக்குக் கேட்டுச்சு. ஆகா, மாட்டுனாரு. இப்பப் பாக்கலாம். தெரிஞ்ச ஆளு, கூட ஒரு பொம்பள, கேக்காமயா இருப்பான்? தண்ணியில நின்னுக்கிட்டுக் காதைத் தீட்டறேன். இந்த ஆத்துக்கு வேற நேரமே கெடைக்கலை, தொணதொணன்னு ஒண்ணையும் கேக்க உடலை. இவரு என்னமோ கொரலைத் தாழ்த்திச் சொல்றாரு. தாடிக்காரரு என்னையத் திரும்பிப் பாக்கறாரு. தலையை ஆட்டறாரு. அப்புறம் கையை மேல நீட்டி எதையோ காட்டறாரு. கொரலை எதுக்குத் தாழ்த்தோணும்? சம்சாரம்னு சொல்றதுக்கு யாராச்சும் கொரலைத் தாழ்த்துவாங்களா? வேண்டியவிங்கன்னு சொல்லியிருப்பாரு. சொந்தக்காரப் பொம்பள, சொகமில்லை, காத்தோட்டமா இருக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன்னு சொல்லியிருப்பாரு. எனக்குத் தண்ணியில நிக்கற காலு மரத்துப் போச்சு. மேல ஏறி வந்து துண்டை எடுத்துத் தொடைச்சுக்கறப்ப தாலிச் சரடு கழுத்துல அரிக்குது, வேர்வைக்கு ஒத்துக்காம உள்ள உட்டிருக்கறேன், மலையேறுனதுல இருந்து உள்ளதான் கெடக்குது.

"இதுவும் வேண்டாம்மா"ங்கறாரு. எனக்கு வந்துச்சே கோவம். "ஏனுங்க, இதைக்காட்டியும் நல்ல எடம் எங்கிங்க இருக்குது?"ன்னேன். "ஆத்துக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்குது. மேல மழை பேஞ்சா ராத்திரி எந்திரிச்சு ஓடோணும். உன்னால ஓட முடியாது." வானத்தைப் பாத்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. பொய்யிங்கறது நல்லாவே தெரியுது. பொய்யைச் சொல்லிட்டு என்ற மூஞ்சியைப் பாக்காம வண்டிச் சாவியைத் தேடறாரு. வண்டியில ஏறுனதும் உட்டனா நானு? "என்னத்தைத்தான் பாக்கறீங்க ஒவ்வொரு எடத்துலயும்? ஆத்தைப் பாக்கலை, மரத்தைப் பாக்கலை, என்னையும் பாக்கலை." "எல்லாந்தான் பாக்கோணும்." "எல்லாம்னா?" "உனக்குச் சொன்னாக் கூச்சமாப் போயிரும், உடு." எனக்கா கூச்சம்? கூச்சம் யாருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும். அதுக்கு மேல பேசலை. பேசாம இருந்தாத்தான் மண்டைக்குள்ள கண்டதும் ஓடுது. ஆள் நடமாட்டம் இல்லாத எடமாத் தேடறாரே, எதுக்கு? ஆத்தோரமா உக்கார வெச்சு, வசந்தா, இது ஒத்து வராதும்மா, புள்ளைக்குப் புடிக்கலைன்னு சொல்லப் போறாரோ. சண்டை போட்டாலும் கத்துனாலும் யாருக்கும் கேக்காதே. பேப்பர்ல வேற போட்டிருந்தான், செல்பி எடுக்கலாம் வான்னு பொண்டாட்டியைப் பாறை மேல நிக்க வெச்சு ஒருத்தன் தள்ளி உட்டுட்டான்னு. அட கருமமே, என்ற புத்தி போற போக்கைப் பாரு. தள்ளி உட்டு எடுத்துக்கறதுக்கு எங்கிட்ட என்ன இருக்குது, ஒரு பீரோவும் ரெண்டு குண்டாவும். நெனைச்சா எனக்கே சிரிப்பு வந்துச்சு. கண்ணாடியில என்ற சிரிப்பைப் பாத்துட்டு அவரும் சிரிச்சாரு, எதுக்குன்னு தெரியாமயே. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்புதான். ஓட்டை எங்கன்னு அதுலயும் தேடிப் பாத்தேன்.

மூணாவது எடம் ரோடு முடியற எடத்துல இருக்குது. வெய்யிலு எறங்கிருச்சு, மலை நெழலு ஆத்து மேல விழுந்தாச்சு, தண்ணி கறுப்பா ஓடுது. இங்க ஆறு குறுகி, பாறைக்குள்ள நெருக்கியடிச்சு எறங்குது, பேசறதே கத்தித்தான் பேசோணும். ஒரு குடும்பம், பத்துப் பன்னெண்டு பேரு, தண்ணியோரம் பாறையில வரிசையா உக்காந்து காலை ஆட்டிட்டிருக்கறாங்க. ஒரு டென்ட் ஏற்கனவே போட்டுக் கெடக்குது, மஞ்சக் கலர்ல, காலியா. புருஷனும் பொண்டாட்டியுமா நடத்தற எடம் போல. அந்தப் பொண்ணு பேரு ருக்குமணி, முப்பத்தஞ்சு வயசிருக்கும், அடுப்புல பெரிய அண்டாவை வெச்சுக் கிண்டிட்டு, அக்கா வாங்க, சேர்ல உக்காருங்கன்னு வாய் நெறையக் கூப்புடுது. இவரு வழக்கம் போல, செல்லைக் கையில எடுத்துக்கிட்டு, அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் பின்னால போயாச்சு. பின் சீட்டுல இருந்து நான் காலைக் கையால தூக்கி வெச்சு எறங்குனதை அந்தப் பொண்ணு பாத்துச்சு. முன்னால காலியா இருந்த சீட்டையும் பாத்துச்சு. என்ற கழுத்தைப் பாத்துச்சு. பொம்பளைங்க பாக்கறது பொம்பளைங்களுக்குத் தெரியாதா? கரண்டியை அண்டா மேல தட்டி வெச்சுட்டு, முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சுட்டு, சிரிச்ச மூஞ்சியாத்தான் கேட்டுச்சு: "அவரு உங்களுக்கு என்ன வேணுங்க அக்கா?"

அண்ணனுங்க, அப்படின்னேன்.

நானா சொன்னேன்? நாந்தான். யோசிக்கவே இல்லை. தும்மல் மாதிரி வந்துருச்சு. பஸ்ல எவனாச்சும் ஒரசுனா தள்ளி நில்லுங்கண்ணா, கம்பெனியில எவனாச்சும் பல்லைக் காட்டுனா சொல்லுங்கண்ணா, ரூமுக்குச் சிலிண்டர் போட வர்றவன் உள்ள எட்டிப் பாத்தா வெச்சுட்டுப் போங்கண்ணா. மொதல் ஆளு போனதுல இருந்து அந்த ஒரு வார்த்தையை வெச்சுத்தான் நான் தனியா வண்டி ஓட்டுனது. அண்ணன்னு சொல்லிட்டா ஆரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, ஒரு கேள்வி, ஒரு பார்வை, ஒரு நமுட்டுச் சிரிப்பு எதுவும் வராது. அதே மாதிரி இப்பவும் வரலை. அந்தப் பொண்ணு மூஞ்சி அப்படியே தெளிஞ்சு போச்சு. "அதானுங்களே பாத்தேன், மூக்கு ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்குது"ங்குது. மூக்கா! எனக்குச் சிரிப்பு வரோணும், வரலை. நெஞ்சுக்குள்ள என்னமோ லேசாச்சு, ஆமா, பொய் சொல்லக் கூடாது, லேசாத்தான் ஆச்சு. தப்பிச்சமடா சாமின்னு ஒரு மூச்சு உட்டேன். அந்த மூச்சு முடியறதுக்குள்ள அந்தப் பொண்ணு அடுத்ததைச் சொல்லுது. "நீங்க வர்ற வழியில இன்னொரு காரைப் பாத்தீங்களா அக்கா? கீழ கேம்ப்புல இருந்து தாடி அண்ணன் போன் பண்ணுனாப்ல. ஈ.பி.ல இருந்தவரு ஒருத்தரு சம்சாரத்தைக் கூட்டிட்டு வர்றாரு, அந்தம்மாவுக்கு முட்டி வலி, கீழ உக்கார முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் எங்க இருக்குதுன்னு கேம்ப்பு கேம்ப்பாப் போயிப் பாத்துட்டு வர்றாரு, உங்ககிட்டத்தான் இருக்குதுன்னு அனுப்பி வெச்சிருக்கறேன்னாப்ல. அவிங்களுக்குத்தான் அந்த மஞ்ச டென்ட்டைப் போட்டு வெச்சது. இன்னும் வரக் காணோம். பாவம், பொண்டாட்டி மேல எவ்வளவு அக்கறை பாருங்க. எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குதே." அண்டாவுல கொழம்பு கொதிக்குது. மொளகா நெடி கண்ணுல ஏறுது. சம்சாரம்னு சொல்லியிருக்கறாரு. தெரிஞ்ச ஆளுகிட்ட, நான் கேக்காம, அவரு வாயில இருந்து. நான் தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு அவரைக் கழிச்சுப் போட்டுட்டிருந்தேன். வெளிச்சத்துக்குக் காட்டிக் காட்டி ஓட்டை தேடுனேன், தேடுன ஓட்டை இந்தா, என்ற வாயிலயே இருக்குது. உனக்குச் சொன்னாக் கூச்சமாப் போயிரும்னாரே. கொரலைத் தாழ்த்துனாரே. பொண்டாட்டிக்குக் கக்கூசு வேணும்னு கத்திக்கிட்டா கேப்பாங்க?

வர்றாரு. மூஞ்சி பூரா சிரிப்பு. இன்னைக்கு முழுக்க இல்லாத சிரிப்பு. "இதுதான் வசந்தா நமக்கு! எல்லாம் வசதியா இருக்குது, நல்லா டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன், பைப்புல தண்ணி வருது, டென்ட்டுல இருந்து நாலு எட்டுதான். போயிட்டு வா மொதல்ல, தண்ணியே குடிக்காம வந்திருக்கற"ங்கறாரு. தண்ணி குடிக்காததையும் பாத்திருக்கறாரு. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள ருக்குமணி முந்திக்கிச்சு. "உங்களை மாதிரி ஒரு அண்ணன் கெடைக்கோணுமுங்க. எங்கண்ணனும் இருக்கறானே, பொங்கல் நோம்பிக்குச் சீரு குடுக்கறதுக்கே மூக்கால அழுவான். தங்கச்சியை இப்படிப் பாத்துக்கறீங்களே, நல்லா இருப்பீங்க." அவரு சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. சிரிப்பு மூஞ்சியில அப்படியே நின்னுச்சு, அடியில இருந்து மெல்லக் கழண்டுது. என்னையப் பாத்தாரு. நான் அண்டாவைப் பாத்தேன். மறுத்துச் சொல்லுவாரு, இல்லீங்க இவ என்ற சம்சாரம்னு சொல்லுவாரு, சொல்லிட்டா நான் பொய்க்காரியா நிக்கோணும், பரவால்ல, நிக்கறேன், சொல்லட்டும். அவரு சொல்லலை. "அப்ப ரெண்டு டென்ட்டாப் போட்டறலாங்களா? அந்த மஞ்சது அக்காவுக்கு இருக்கட்டும், வர்றவிங்களுக்கு வேற போட்டுக்கறோம்"னு ருக்குமணி கேக்குது. சித்த நேரம் ஆத்தையே பாத்துட்டு நின்னாரு. இன்னைக்கு இப்பத்தான் ஆத்தைப் பாக்கறாரு. "போட்டுருங்கம்மா"ன்னு சொன்னாரு. அவ்வளவுதான். கோவமும் இல்லை, குத்தலும் இல்லை. என்ற பொய்யை என்ற கையில இருந்து வாங்கி அவரு தலையில வெச்சுக்கிட்டாரு.

காருல இருந்து என்ற பையை எடுத்துட்டுப் போயி மஞ்ச டென்ட்டுக்குள்ள வெச்சுட்டு, அங்கயே ஒரு சேரையும் இழுத்துப் போட்டுட்டு, அவரு பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு அக்கட்டால நடக்கறாரு. ருக்குமணியோட வீட்டுக்காரரு அந்தக் கோடியில, புங்க மரத்துக்குக் கீழ, ரெண்டாவது டென்ட்டுக்கு முளை அடிக்க ஆரம்பிச்சாச்சு. டங்கு டங்குன்னு ஆத்துச் சத்தத்தையும் மீறிக் கேக்குது. எவ்வளவு தூரம்! நடுவுல அத்தனை பேரு உக்காந்திருக்கறாங்க. நாளைக்குச் சொல்லிக்கலாம், வண்டியில போறப்ப, தனியா இருக்கறப்ப, தப்புப் பண்ணிட்டனுங்கன்னு சொன்னா, பரவால்ல உடுன்னு சொல்லிருவாரு, எனக்குத் தெரியும். பரவால்லன்னு சொல்லிட்டு அந்த மரத்தடியில ஒத்தையாப் படுத்து எந்திரிச்சு, காலையில எனக்கு டீ வாங்கிட்டு வந்து குடுப்பாரு, அண்ணன் மாதிரி. அப்புறம் திருப்பூருக்குப் போவோம். பால்காரன் கேப்பான். இனி அவரு எந்த வாயில சம்சாரம்னு சொல்லுவாரு? இவளுக்கே சொல்லப் புடிக்கலை போலன்னு நெனைச்சுக்குவாரு, இத்தனை நாளும் அப்படித்தான் நெனைச்சாரோ என்னமோ, நான் சொல்லட்டும்னு அவரும், அவரு சொல்லட்டும்னு நானும். பல்லடத்துல ஒருத்தன் என்னைய மறைச்சு வெச்சானே, அன்னைக்கு எனக்கு எரிஞ்சதே, அதே எரிச்சலைக் கொண்டுபோயி இந்த நல்ல மனுசன் வயித்துல வெச்சுட்டனே பாவி. எந்திரிச்சேன். முட்டி கரகரன்னுச்சு. ஏனுங்கன்னு கூப்புட்டேன். ஆறு முழுங்கிருச்சு. ஏனுங்க! கேக்கலை. ஏனுங்கங்கறது என்ன, யாரை வேணும்னாலும் கூப்புடற வார்த்தை, கடைக்காரனையும் ஏனுங்கதான், கண்டக்டரையும் ஏனுங்கதான். அதுக்குத் திரும்பக்கூட மாட்டாரு.

"அந்த டென்ட்டு வேண்டாமுங்க!" இது என்ற கொரல்தானா? "அடிக்காதீங்க! ஒண்ணு போதும்! அவரு என்ற அண்ணனில்லீங்க, வீட்டுக்காரரு! என்ற வீட்டுக்காரரு! தாலி கட்டுன புருஷன்!" பாறையில உக்காந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. ஆட்டிட்டிருந்த காலு அப்படி அப்படியே நிக்குது. எவளோ ஒருத்தி களுக்குன்னு சிரிக்கறா, சிரிக்கட்டும். ருக்குமணி கரண்டியும் கையுமா வாயைப் பொளந்துட்டு, "அட கெரகமே, அண்ணன்னு சொன்னீங்களே அக்கா!"ங்குது. "பொய் சொன்னேன் சாமி. பயத்துல சொல்லிட்டேன். கீழ இருந்து வர்றாங்கன்னு சொன்னாப்லயே, அது நாங்கதான்"னேன். சேரைப் புடிச்சுக்கிட்டேன், ஆனா உக்காரலை. முளை அடிக்கற சத்தம் நின்னுபோச்சு. அந்த ஆளு சுத்தியலைத் தூக்குன கையோட இவரைப் பாக்கறாரு, என்னையப் பாக்கறாரு. இவரு திரும்பவே இல்லை. தோள்ல பையோட, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, அப்படியே நிக்கறாரு. போச்சு, கோவம் வந்துருச்சு, இத்தனை பேருக்கு முன்னால மானத்தை வாங்கிட்டேன்னு நெனைக்கறேன். அப்புறம் பையைக் கீழ எறக்கி வெச்சுட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, குனிஞ்சு, அந்த ஆளு அடிச்ச முளையை ரெண்டு கையாலயும் புடிச்சு, அசைச்சு அசைச்சுப் புடுங்கறாரு.